ஒரு டாக்டர் வைத்திருந்த கிட்டார்

கடைக்காரர்: எடுத்துப் பாருங்கள் சார். 1962ஆம் வருஷத்து பெண்டர், அமெரிக்கக் கம்பெனி கிட்டார். ஒரே ஓனர். ஒரு டாக்டர் வைத்திருந்தது.

வாத்தியார்: போன மாசம் ஒரு ஆம்ப்ளிஃபையர் காட்டினீர்களே தம்பி, அது?

கடைக்காரர்: அதுவும் ஒரு டாக்டருடையதுதான்.

வாத்தியார்: அதற்கு முன்னால் அந்த ஹார்மோனியம்?

கடைக்காரர்: அவர் பல் டாக்டர் சார்.

வாத்தியார்: இந்த மெட்ராஸில் டாக்டர்கள் எல்லாம் வைத்தியம் பார்த்தது எப்போது?

கடைக்காரர்: அதைத்தான் சொல்ல வந்தேன். வாசிக்க அவர்களுக்கு நேரமே இல்லை. அதனால்தான் சாமான் அப்படியே புதுசாக இருக்கிறது.

வாத்தியார்: விலை?

கடைக்காரர்: ஒன்றே முக்கால் லட்சம். உங்கள் முகத்துக்காக. சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருகிறார்.

வாத்தியார்: எதையும் மாற்றாத 62ஆம் வருஷத்து பெண்டர் பத்து லட்சத்துக்கு மேல் போகும். அதை ஒன்றே முக்காலுக்குக் கொடுக்க என் முகம் அவ்வளவு நன்றாகவா இருக்கிறது? 62 என்று யார் சொன்னது?

கடைக்காரர்: யார் சொல்ல வேண்டும், எழுதியே இருக்கிறதே! பெட்டிக்குள் அட்டை. படியுங்கள். எஸ்டி 62.

வாத்தியார்: அது மாடல் பெயர் தம்பி. 62ஆம் வருஷத்துக் கிட்டாரைப் பார்த்து ஜப்பானில் பிற்பாடு செய்தது. ஜப்பானில் பெண்டர் கம்பெனி ஆரம்பித்ததே 1982இல்தான். எண் எழுதியிருந்தால் அது வயதாகிவிடுமா? 29சி பஸ்ஸுக்கு என்ன 29 வயதா?

கடைக்காரர்: சில வண்டிகளுக்கு அதற்கு மேலேயே இருக்கும் சார்.

வாத்தியார்: ஜப்பான் கிட்டார் ஒன்றும் மட்டமில்லை. அந்த முதல் இரண்டு மூன்று வருஷத்துச் சரக்கைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகுத் தகட்டில் ஜேவி என்று ஆரம்பிக்கும் நம்பர் இருந்தால் நானே வாங்கிக்கொள்வேன். ஜப்பான் என்று சொல்லி விற்றால் போதும்.

கடைக்காரர்: சொன்னால் போச்சு. டாக்டர் ஜப்பானில் படித்தவர்.

வாத்தியார்: டாக்டரை விடுங்கள். பாட் நம்பர் பார்த்தீர்களா?

கடைக்காரர்: பாட்டு பிரமாதமாக வரும் சார்.

வாத்தியார்: பாட்டு இல்லை, பாட். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்குமே, அது. அதன் முதுகில் எண் அடித்திருப்பார்கள். முதல் மூன்றும் செய்த கம்பெனி. 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்தது வருஷம், கடைசி இரண்டும் வாரம். 1376624 என்றிருந்தால் 1966ஆம் வருஷம் 24ஆவது வாரம்.

கடைக்காரர்: வாரம் வரைக்குமா? என் ரேஷன் கார்டில் வருஷமே தப்பு சார்.

வாத்தியார்: பாட்டையும் மாற்றியிருக்கலாம், அது மட்டும் போதாது. கழுத்தைக் கழற்றினால் அடியில் தேதி இருக்கும். நாலு ஸ்க்ரூதான். கழற்றட்டுமா?

கடைக்காரர்: ஐயோ, கழற்றினால் வேல்யூ போய்விடும்!

வாத்தியார்: இது கிட்டாரா, மூலவரா?

(இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய ஃப்ரிட்ஜ் விற்கிறவர்கூடக் கதவைத் திறந்து காட்டுவார். பழைய கார் விற்கிறவர் பானெட்டைத் தூக்குவார். பழைய கிட்டார் விற்கிற சிலருக்கு மட்டும் ஸ்க்ரூடிரைவரைக் கண்டால் கத்தியைக் கண்ட மாதிரி இருக்கிறது.)

வாத்தியார்: டாக்டர் வீடு எங்கே?

கடைக்காரர்: பெசன்ட் நகர். கடலைப் பார்த்த வீடு.

வாத்தியார்: நான் இருப்பது பெரம்பூரில். கடல் எங்கேயோ இருக்கிறது. அங்கேயே ஜன்னல் கொக்கி துருப்பிடித்துக் கையோடு வருகிறது. உப்புக்காற்றில் அத்தனை வருஷம் கிடந்த ஸ்க்ரூ எப்படித் தம்பி இப்படிப் பளபளக்கிறது?

கடைக்காரர்: கண்டுபிடித்துவிட்டீர்களே! எல்லாம் என் செலவு. துருப்பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஸ்க்ரூ. டியூனிங் கீ புதுசு, பிக்கப் புதுசு. பெயின்ட் விரிசல் விட்டிருந்தது, மொத்தமும் சுரண்டிவிட்டுப் புதுசாக அடித்தேன். புதுப்பேட்டையில் கார் பெயின்ட் அடிக்கிற பையன். தங்கமான கை.

வாத்தியார்: அந்த முதுகுத் தகடு?

கடைக்காரர்: அதில் ஏதோ எழுத்து, நம்பர் எல்லாம் இருந்தது. அசிங்கமாக இருந்தது சார். மாற்றிவிட்டேன்.

வாத்தியார்: என்ன எழுத்து?

கடைக்காரர்: யார் பார்த்தார்கள்? காயலான் கடையில் கிலோ கணக்கில் போட்டாச்சு.

(வாத்தியார் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அது டாக்டருடைய முக்காலியா என்று தெரியவில்லை.)

வாத்தியார்: எல்லாம் ஒரிஜினல் என்று போனில் சொன்னீர்களே!

கடைக்காரர்: ஒரிஜினல்தான். ஒவ்வொன்றுக்கும் பில் இருக்கிறது.

வாத்தியார்: தம்பி, பழைய கிட்டாரில் ஒரிஜினல் என்றால் செய்தபோது என்ன இருந்ததோ அது. துருவோடு, விரிசலோடு. பெயின்டை மாற்றினாலே பாதி விலை போச்சு என்பார்கள்.

கடைக்காரர்: அதெப்படி? என் ஸ்கூட்டர் பெயின்ட் அடித்த பிறகு ஐயாயிரம் கூடுதலாகப் போனது.

வாத்தியார்: பாட்டி கொடுத்த வெண்கலப் பானைக்கு சில்வர் பெயின்ட் அடிப்பீர்களா?

கடைக்காரர்: ஒரு டாக்டர் கேட்டால் அடிப்பேன்.

வாத்தியார்: என்னிடம் மறைக்கவும் முடியாது. கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு இருக்கிறதே, அதைக் காட்டினால் அந்தக் காலத்துக் கிட்டார் பூச்சு, நைட்ரோ லாக்கர் என்பார்கள், பச்சையும் மஞ்சளுமாக மினுங்கும். பிற்பாடு தொட்டுத் தடவிய இடம் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

கடைக்காரர்: (பேனாவைத் தேடி எடுத்து) பச்சை, மஞ்சள். சரி. அதற்கு முன்னால் சொன்னது? 137க்கு அப்புறம்?

வாத்தியார்: வருஷம், வாரம். எதற்கு எழுதுகிறீர்கள்?

கடைக்காரர்: அறிவு சார். அப்போ உங்களுக்கு வேண்டியது அழுக்கு. முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நாளைக்கு வாங்க. உப்புத்தாள், டீத்தண்ணி, இரண்டு நாள் மொட்டை மாடி வெயில். உங்கள் தாத்தா வாசித்த மாதிரி ஆக்கித் தருகிறேன்.

வாத்தியார்: அதை பெண்டர் கம்பெனியே 1995இலிருந்து செய்கிறது. புதுக் கிட்டாரைத் தேய்த்துப் பழசு மாதிரி விற்கிறார்கள்.

கடைக்காரர்: பார்த்தீர்களா!

வாத்தியார்: தேய்த்தது என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

கடைக்காரர்: அங்கேதான் அவர்களுக்கு வியாபாரம் தெரியவில்லை.

வாத்தியார்: நல்ல டீலர் என்ன செய்வார் தெரியுமா? நான் கேட்கும் முன்னாலேயே குறையைச் சொல்லிவிடுவார். உள்ளே கழற்றிப் படம் எடுத்து வைத்திருப்பார். வெளிநாட்டில் ஒரு நாள், இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடு என்று தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்காரர்: இரண்டு நாளா? சனிக்கிழமை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கல்யாண ரிசப்ஷனில் வாசித்துவிட்டு, திங்கட்கிழமை பிடிக்கவில்லை என்பீர்கள்.

(இதற்கு வாத்தியாரிடம் பதில் இல்லை. சொந்த அனுபவமோ என்னவோ.)

கடைக்காரர்: ஒரு நிமிஷம் சார், போன். ஹலோ... ஆமாம் சார், பெண்டர்தான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்... அதெல்லாம் செக் பண்ணியாச்சு. பாட் நம்பர் 137, சிடிஎஸ். 62ஆம் வருஷம் 24ஆவது வாரம். புதன்கிழமை என்று நினைக்கிறேன்... ஊதா விளக்கா? அடித்தோம் சார், கடை முழுக்கப் பச்சை... ஒரே ஓனர்தான்.

வாத்தியார்: (சலிப்போடு) சொல்லுங்கள், டாக்டர் என்று சொல்லுங்கள்.

கடைக்காரர்: டாக்டரா? சேச்சே, அவர்களுக்கு என்ன தெரியும்? பெரம்பூரில் ஒரு கிட்டார் வாத்தியார் வைத்திருந்தது. நம்பிக்கை இல்லை என்றால் அவரிடமே பேசுங்கள், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.