நாள் எண்ணி ஆடிய ஆட்டங்கள்

1997-இல் வெளிவந்த ஃபால்அவுட் என்ற கணினி ஆட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுபவர்கள்கூட அதில் ஒரு குறை சொல்வார்கள்: தொடக்கத்திலேயே விதிக்கப்படும் 150 நாள் கெடு. அணுப்போருக்குத் தப்பியவர்கள் வாழும் நிலத்தடிப் புகலிடமான வால்ட் 13-இன் குடிநீர் இயந்திரத்துக்கான சில்லைத் தேடி வெளியே அனுப்பப்படும் நாம், அதற்குள் திரும்பாவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். பாழ்நிலத்தை நிதானமாகச் சுற்றிப் பார்க்க விடவில்லையே என்பது அவர்களுடைய வருத்தம். அந்தக் கெடு இல்லாதிருந்தால் ஃபால்அவுட்டின் பாதிச் சுவை போயிருக்கும் என்பது என் கட்சி.

காயம் ஆற ஓய்வெடுத்தால் நாள் கழிகிறது; வரைபடத்தின் ஓர் ஓரத்தில் இருக்கும் ஊருக்குப் போய்வந்தால் வாரங்கள் கழிகின்றன. ஹப் நகரத்து வணிகர்களுக்குப் பணம் கொடுத்து வால்ட்டுக்குத் தண்ணீர் அனுப்பச் செய்தால் 100 நாள் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அந்த வண்டித் தடமே வால்ட் இருக்குமிடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கவும் வழிவகுக்கும். உதவி கேட்பதற்கும் விலை வைத்த இந்த ஏற்பாட்டை, அந்தக் காலத்துப் பாத்திரமேற்பு ஆட்டங்களில் எழுதப்பட்ட மிகச் சிறந்த முடிச்சுகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

இதற்கு மறுகோடியில் நிற்பது, நான் மிகவும் நேசிக்கும் பால்டர்ஸ் கேட் 2. நம் சிறுவயதுத் தோழி இமோவெனைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவளை மீட்க உதவுவதற்கு 20,000 பொன் கேட்கிறார்கள். கதையின்படி ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமானது. ஆட்டத்தின்படியோ, நாடக அரங்கை நடத்தலாம், கோட்டையை நிர்வகிக்கலாம், மாதக்கணக்கில் ஊர் சுற்றலாம்; இமோவென் அங்கேயே காத்திருப்பாள். ஒரு நாளுக்கு இத்தனை மந்திரங்கள்தான் என்று மந்திரவாதிக்கு வரம்பு விதித்த விதியும் இதனால் பொருளற்றுப் போகிறது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தால் எல்லா மந்திரங்களும் திரும்பிவிடும்போது, எதைச் சேமித்து வைப்பது, எதற்காக?

நேரத்துக்கு விலை வைக்கும் கணக்கை மிகத் துல்லியமாகப் போட்டது 1999-இல் வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 என்பேன். நகரத்தில் ஒரு நாளுக்கு ஒரே ஒரு கட்டடம். புதிய படைகள் வாரத்தின் முதல் நாளில்தான் பெருகும். படையில் இருப்பவற்றுள் மிக மெதுவான உயிரினத்தின் வேகமே அன்றைய பயணத் தூரத்தைத் தீர்மானிக்கும். ஆறாம் நாள் மாலையில் எதிரியின் கோட்டைக்கு ஒரு நாள் தொலைவில் நிற்கும்போது, உடனே தாக்குவதா, புதுப்படைக்காகக் காத்திருப்பதா என்று எத்தனை இரவுகள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்! காத்திருந்தால் அவனுடைய கோட்டைக்குள்ளும் படை பெருகும் என்பதுதான் அதிலுள்ள கொடுமை.

வேற்றுக்கிரகவாசிகளோடு முறை வைத்து மோதும் முதல் எக்ஸ்-காம் ஆட்டம் இதே நெருக்கடியை ஒரு சிப்பாயின் ஒற்றை டர்னுக்குள், அதாவது ஒரே முறைக்குள், அடக்கிவிட்டது. நடக்கவும் சுடவும் செலவாகும் நேர அலகுகளில் மீதம் வைப்பவற்றால்தான் எதிரியின் முறையில் திருப்பிச் சுட முடியும் என்பதால், ஒவ்வொரு அடியும் கடன் வாங்கி எடுத்து வைப்பதுபோல் இருக்கும். (அதன் முதல் பதிப்பில், கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தாலும் ஆட்டம் எளிய நிலைக்கே திரும்பிவிடும் பிழை இருந்தது. அது தெரியாமல் மார்தட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.)

ஒரு நாகரிகத்தையே வளர்த்தெடுக்கும் ஆட்டமான சிவிலைசேஷனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் முதல் நூறு டர்ன்களைப் போல் வேறெதுவும் என்னைக் கட்டிப்போட்டதில்லை. வெற்றி உறுதியான பிறகும் நீளும் கடைசிப் பகுதியிலோ நேரத்துக்கு மதிப்பே இல்லாமல் போவதால், நான் தொடங்கியவற்றில் பெரும்பாலானவற்றை முடித்ததேயில்லை.

கெடு வைப்பவர்கள் எல்லோரும் நன்றாக வைத்தார்கள் என்றும் சொல்லமாட்டேன். ஃபால்அவுட்டிலேயே வால்ட்டை எதிரிகள் தாக்க வருவதற்கு இருந்த இரண்டாவது கெடு, ஆடுபவருக்குத் தெளிவாகச் சொல்லப்படாத ஒன்று. பின்னர் வந்த திருத்தத்தில் அதைத் தளர்த்தியது நியாயமே. தெரியாத கடிகாரத்தோடு யாராலும் பேரம் பேச முடியாது.

இப்போதெல்லாம் பால்டர்ஸ் கேட் 2-ஐத் திரும்ப ஆடும்போது, விடுதியில் மட்டுமே உறங்குவது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொள்கிறேன். இதுவரை இரண்டு முறை மீறியிருக்கிறேன். இரண்டும் ஃபிர்க்ராக் என்ற அந்தச் சிவப்பு டிராகனின் குகை வாசலில்.