பணத்தை எடுத்தீர்களே, டிக்கெட் எங்கே?

பணம் போய்விட்டது. டிக்கெட் வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் இன்று காலையிலிருந்து வயிறு எரிகிறது, சொல்லியே தீர வேண்டும்.

நான் கேட்டது என்ன, ராஜ வாழ்க்கையா? எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தே பாரத்தில் இரண்டு இருக்கை, அவ்வளவுதான். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மேல் பெர்த் கிடைத்தால் ஏற முடியாது. ஆம்னி பஸ்ஸில் ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்குத் தவித்துக்கொண்டு வர முடியாது. மத்தியானம் உட்கார்ந்தால் ராத்திரி வீட்டில் போய்ப் படுத்துவிடலாம் என்பதற்காகத்தான் இந்த ரயில்.

காலை 8 மணிக்கு ரயில்வேயின் டிக்கெட் தளத்தில் முன்பதிவு திறக்கும். முன்பு பயணத்துக்கு 120 நாளுக்கு முன்னால் திறந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தார்கள். எத்தனை நாள் வைத்தால் என்ன, பண்டிகை என்றால் மொத்தச் சென்னையும் அந்த ஒரே நிமிடத்தில்தான் முட்டுகிறது. 2025 அக்டோபரில், முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குக்கு மட்டும் என்று ஆரம்பித்தார்கள், பிறகு அந்த நேரத்தையும் நீட்டினார்கள். சரி, அதையும் செய்தாயிற்று. தரகர்கள் தொல்லை ஒழிந்தால் நல்லதுதானே என்று நானும் நம்பினேன்.

8 மணி அடித்தது. பச்சை எழுத்தில் இடம் இருக்கிறது என்று காட்டியது. தொட்டேன். சுற்றியது. நின்றது. திரும்பத் தொட்டேன். அம்மா பெயர், என் பெயர், வயது. சாப்பாடு வேண்டுமா? சைவமா, அசைவமா? காப்பீடு வேண்டுமா? முதலில் சீட்டைக் கொடுங்கள் ஐயா, சாப்பாட்டை அப்புறம் பேசலாம்! அடுத்து கோணல்மாணலாக நாலைந்து எழுத்து, அதைப் படித்து அடிக்க வேண்டும். அடித்தேன், தவறு என்றது. வேறு எழுத்துகள் வந்தன. அதையும் அடித்தேன். பணம் கட்டும் பக்கம் வந்தது. யுபிஐயில் பின் நம்பரைப் போட்டேன். அடுத்த நொடியே வங்கியிலிருந்து குறுஞ்செய்தி, பணம் எடுக்கப்பட்டது என்று. பணம் எடுப்பதில் மட்டும் ஒரு நொடி தாமதம் கிடையாது, கவனியுங்கள். டிக்கெட் தளத்தில் வட்டம் சுற்றுகிறது. பின்னால் போகாதே, பக்கத்தைப் புதுப்பிக்காதே என்று எச்சரிக்கை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா பின்னால் நின்றுகொண்டு, "கிடைச்சிடுச்சாப்பா?" என்று கேட்கிறாள். வட்டம் சுற்றுகிறது. கடைசியில் திரை வெளுத்து, மறுபடி உள்நுழையச் சொல்லிக் கேட்டது.

உள்ளே போய்ப் பார்த்தால் முன்பதிவு பட்டியலில் ஒன்றுமே இல்லை. பணம் சில வேலை நாட்களில் திரும்ப வரும் என்று ஒரு வரி. மறுபடி முயன்றபோது பச்சை போய் காத்திருப்புப் பட்டியல் வந்துவிட்டது. அதுவும் சின்ன நம்பர் இல்லை. வந்தே பாரத்தில் ஆர்ஏசியும் கிடையாது, பாதி இருக்கையிலாவது ஒட்டிக்கொண்டு போகலாம் என்பதற்கு. கடைசிப் பயணிகள் பட்டியலான சார்ட் போடும்போது உறுதியாகவில்லை என்றால் ஆன்லைன் டிக்கெட் தானாகவே ரத்து. எண்பதை நெருங்குகிற அம்மாவை, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் புறப்படுகிற நாள் வரைக்கும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்வதா?

எனக்கு ஒரே ஒரு கேள்வி. நான் பணம் கட்டி முடிக்கிற வரை அந்த இரண்டு சீட்டை ஏன் பிடித்து வைக்கக் கூடாது? 150 ரூபாய் சினிமா டிக்கெட்டுக்குக் கூட, நாற்காலியைத் தேர்ந்தெடுத்ததும் சில நிமிடம் வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டி வைக்கிறார்கள். இங்கே ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம், பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் சீட்டே ஒதுக்குகிறார்கள். அதற்குள் வேறு யாருக்காவது போய்விட்டால் நம் தலையெழுத்தாம். வங்கி மெதுவாக இருந்தாலும் நாம்தான் இழக்க வேண்டும், தளம் படுத்துவிட்டாலும் நாம்தான் இழக்க வேண்டும். இது அநியாயம். தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி மழுப்பாதீர்கள்.

இத்தனைக்கும் இதை அதிவேக ரயில் என்று கொண்டாடுகிறோம். 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்காட்டிய வண்டி. இங்கே சுமார் 650 கிலோமீட்டரைக் கடக்க எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, சராசரி மணிக்கு 85 கிலோமீட்டர் கூடத் தேறாது. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில் 1964-லேயே அதிகபட்சம் 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார்கள். வேகத்தைக் கூட விடுங்கள், அங்கே ஒரு ரயிலைத் தவறவிட்டால் சில நிமிடங்களில் அடுத்தது வருகிறது. இந்த வண்டி 2023 செப்டம்பரில் 8 பெட்டியோடு வந்தது, 16 ஆயிற்று, 20 ஆயிற்று. அப்படியும் நிரம்பி வழிகிறது என்றால் கூட்டம் எவ்வளவு என்று தெரியவில்லையா? பண்டிகைக்குச் சிறப்பு ரயில் விடுகிறார்கள். நாம் பஸ்ஸுக்கு இரண்டு மடங்கு கொடுத்து முடித்த பிறகு அறிவிக்கிறார்கள்! மூத்த குடிமக்களுக்கு மற்ற ரயில்களில் இருந்த கட்டணச் சலுகையையும் 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை.

சரி, போன பணத்தையாவது கேட்போம் என்று வங்கிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு எந்த எண் என்று சொன்னார்கள், அதைத்தான் அழுத்தினேன். நெடுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு எடுத்தவர் இந்தியில் ஆரம்பிக்கிறார். தமிழ் என்றேன். ஆங்கிலத்துக்கு மாறினார். நான் சமாளித்துவிடுவேன், என் அம்மா தனியாக அழைத்தால் என்ன செய்வாள்? கணக்கு திருநெல்வேலியில், பணம் எங்களுடையது, அழுத்தச் சொன்ன எண் தமிழுக்கானது. அந்த எண்ணுக்குப் பின்னால் தமிழ் தெரிந்த ஓர் ஆளை உட்கார வைக்க உங்களுக்கு என்னதான் கேடு?