ரயில் கொண்டுவந்து இறக்கிவிட்டது, இனி வீட்டுக்கு எப்படிப் போவது?

கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்தையும் ரயில் எப்படியோ கடந்து வந்துவிடுகிறது. யாழ்ப்பாணம் ஸ்ரேசன் வாசலிலிருந்து மத்திய பஸ் நிலையம் ஒரு கிலோமீற்றர் அளவுதான். அந்த ஒரு கிலோமீற்றரில்தான் சனத்தை நடுத்தெருவில் விடுகிறார்கள். 2014 ஒக்ரோபரில் ரயில் திரும்பி வந்தபோது, புதிதாக வந்த சேவைதானே, மெல்ல மெல்லச் சரிவரும் என்று பொறுத்திருந்தோம். பத்து வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் ரயிலால் இறங்கி வெளியே வந்தால், இந்த பஸ் எனக்காக நிற்கிறது என்று நம்பி ஏற ஒரு பஸ்ஸை நான் காணவில்லை.

பகலில் வருகிறவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். இரவு மெயிலில் வருகிறவர்களின் பாட்டைப் பாருங்கள். விடியமுன் கொண்டுவந்து இறக்கிவிடும். இரவு முழுக்க இருந்தபடியே வந்த உடம்பு. காலை நீட்டி இறங்கி வாசலுக்கு வந்தால் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். போன கிழமை எனக்கு முன்னால் ஒரு அம்மா இறங்கினா. எழுபது வயது மதிக்கலாம். கொழும்பில் கிளினிக் காட்டிவிட்டு வருகிறா. ஒரு கையில் எக்ஸ்ரே உறை, மற்றக் கையில் சிப் பழுதாகிக் கயிற்றால் கட்டிய பை.

"எங்கயம்மா போகோணும்?"

"பஸ் ஸ்ராண்டடிக்குத் தம்பி."

"ஐந்நூறு தாங்கோ."

"உதில இருக்கிற பஸ் ஸ்ராண்டுக்கோ ஐந்நூறு?"

"இந்த நேரத்தில வேற ஆரம்மா வருவினம்? நடக்கப் போறியளே?"

அந்த அம்மா வேறு பேச்சுப் பேசாமல் நடக்க வெளிக்கிட்டுவிட்டா. பையை நான் வாங்கிக்கொண்டு கூடவே போனேன். ஆஸ்பத்திரி வீதியில் கடைகள் எல்லாம் பூட்டு. நாய்கள் இரண்டு பக்கமும் குரைக்கின்றன. எக்ஸ்ரே உறை மடங்கிவிடக்கூடாதென்று நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி நடக்கிறா. பஸ் நிலையத்துக்குப் போனால் அங்கே கேட்க ஆளில்லை. காரைநகர் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு பலகையிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதியில்லை. இருக்கையில் படுத்திருந்த ஒருவர் கண்ணைத் திறந்து, "விடிஞ்சாப்பிறகுதான் அம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். கொழும்பிலிருந்து வந்தவ ஊர்ப் பஸ்ஸுக்காகச் சீமெந்து இருக்கையில் குந்தியிருக்கிறா. எனக்கு வயிறு பற்றி எரிந்தது, இதை எழுதுகிறபோதும் எரிகிறது.

பிள்ளைகள் இல்லையோ, வந்து ஏற்றக்கூடாதோ என்று கேட்பீர்கள். பிள்ளைகள் கனடாவில். எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இந்த நிலைமை என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? ஸ்ரேசனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கிற வீடுகளை வைத்துத்தான் இங்கே எல்லாம் ஓடுகிறது. ரயில் வருகிற நேரம் ஸ்ரேசன் வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள். தம்பி, மச்சான், மருமகன், பக்கத்து வீட்டுப் பெடியன், கையில் மேலதிகமாக ஒரு ஹெல்மெற். ரயில் பிந்தினால் அவர்களும் அங்கேயே காவல். காலையில் வேலைக்குப் போகவேண்டிய பெடியன் நாலு மணிக்கு எழும்பி மானிப்பாயிலிருந்தோ கோப்பாயிலிருந்தோ வந்து, நுளம்புக்கடியில் நின்று, சொந்தக் காசில் பெற்றோல் எரித்து, அரசாங்கம் செய்யாத வேலையைச் செய்துவிட்டுப் போகிறான். இதுதான் யாழ்ப்பாணத்தின் பொதுப் போக்குவரத்து. ஆளும் மோட்டார் சைக்கிளும் இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வது? தனியாக வருகிற பெண்பிள்ளை அந்த இருட்டில் யாரை நம்பி ஏறுவது? விடியும்வரை மேடையிலேயே இருந்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நான் ஓட்டோக்காரரைப் பகைக்க இதை எழுதவில்லை. லீசிங் கட்ட முடியாமல் இரவு பகலாக ஓடுகிற பெடியன்கள் அதில் பாதிப்பேர். மூட்டை முடிச்சோடு வருகிற குடும்பத்துக்கு ஓட்டோதான் வசதி, அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் வேறு வழியே இல்லாத இடத்தில், கேட்ட காசைக் கொடு, இல்லாவிட்டால் நட என்பது பகல் கொள்ளை. போன் அப்பில் ஓட்டோ பிடிக்கலாம் என்றால் ஸ்ரேசன் வாசலுக்கு வரவே தயங்குகிறார்கள். "கொஞ்சம் தள்ளி வந்து நில்லுங்கோ அண்ணை, அங்க வந்தா சண்டைக்கு வருவாங்கள்" என்று போனில் சொல்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் அடுத்த சந்திவரை போய் ஒளித்து ஏறவேண்டியிருக்கிறது. வாசலில் ஒரு பஸ் நின்றால் இந்தப் பேரமும் சண்டையும் பாதி குறையும்.

வடமராட்சிச் சனத்தின் கதை இன்னும் மோசம். அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது. நெல்லியடி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆட்கள் ஒன்றில் கொடிகாமத்தில் இறங்கி பஸ் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் வந்து 750ஆம் இலக்க பஸ் பிடிக்கவேண்டும். கொடிகாமத்தில் இறங்கினால் ரயில் நேரத்துக்கும் பருத்தித்துறை பஸ் நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வீதியில் ஒரு காலத்தில் தட்டிவான் ஓடியது. சனம், வாழைக்குலை, மரக்கறி மூட்டை என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது என்று வயதானவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு நல்ல தார் வீதி கிடக்கிறது, ரயிலால் இறங்கிய சனம் சந்தியில் நின்று வருகிற வாகனத்துக்கெல்லாம் கை காட்டுகிறது.

தீவுப்பகுதிக்குப் போகிறவர்களை நினைத்தால் கோபம் இன்னும் கூடும். நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ போகிற ஆள் ரயிலால் இறங்கி, பஸ் நிலையத்துக்குப் போய், குறிகட்டுவான் பஸ் பிடித்து, பிறகு படகு ஏறவேண்டும். ரயிலுக்கு ஒரு நேரம், பஸ்ஸுக்கு ஒரு நேரம், படகுக்கு ஒரு நேரம். மூன்றும் மூன்று திக்கு. நெடுந்தீவுக்குப் படகு நினைத்த நேரமெல்லாம் கிடையாது. ரயில் அரை மணித்தியாலம் பிந்தினால் பஸ் போய்விடும், பஸ் போனால் படகு போய்விடும், அன்றைய நாளே போய்விடும். நெடுந்தீவுக்காரருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீடு கட்டாயம் வேண்டும், தங்குவதற்கு. அந்தக் கரையில் பிறந்த குற்றத்துக்காக இவ்வளவு அலைச்சலா?

இந்தப் பாதையின் அருமை தெரியாதவர்கள் இல்லை நாங்கள். காங்கேசன்துறையும் கொழும்பும் ரயிலால் இணைந்தது 1905இல். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். 1990இல் யுத்தத்தோடு எல்லாம் நின்றது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பிடுங்கி பங்கர் கட்டியதைக் கண்ணால் கண்ட சனம் இது. ஸ்ரேசன் கட்டடம் கூரையில்லாமல் சிதைந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த ஒரு முழுத் தலைமுறை இருக்கிறது. 24 வருடம் கழித்து, இந்தியக் கடனுதவியில் பாதை போட்டு, 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி ரயில் யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த வருடம் ஜனவரியில் காங்கேசன்துறைவரை போனது. அன்றைக்குச் சனம் அழுதது. அப்படிக் காத்திருந்து கிடைத்த ரயிலை, இறங்கினால் வீட்டுக்குப் போக வழியில்லாத ரயிலாக வைத்திருப்பதை நினைக்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. பாதை போடக் காசு தேடினார்கள், ஸ்ரேசன் கட்டக் காசு தேடினார்கள். ஒரு பஸ்ஸை வாசலுக்கு வளைத்து விட யாருக்கும் மனம் வரவில்லை.

யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. ரயில் ஒரு திணைக்களம், அரசாங்கத்தின் சிவப்பு பஸ் இன்னொரு சபை. இரண்டும் ஒரே போக்குவரத்து அமைச்சுக்குக் கீழேதான் வருகின்றன. தனியார் மினிபஸ்ஸுக்கு வழி அனுமதி கொடுப்பது மாகாணத்து அதிகார சபை. ரயில்காரரைக் கேட்டால் பஸ் எங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். பஸ்காரரைக் கேட்டால் ரயில் நேரத்துக்கு வருவதில்லை, நாங்கள் எப்படிக் காத்து நிற்பது என்கிறார்கள். ஒரு மேசையில் இருந்து பேசி முடிக்கிற விஷயம் இது. நெடுந்தூர பஸ்களுக்கென்று தனி நிலையம் கட்டித் திறந்தார்கள், எந்த பஸ் அங்கே நிற்பது, எது பழைய இடத்தில் நிற்பது என்ற இழுபறிதான் மிச்சம். பயணி எங்கே இறங்கி எங்கே ஏறுவான் என்று யோசிக்காமல் கட்டடம் கட்டினால் இதுதான் நடக்கும்.

ரயில் நேரத்துக்கு வருவதில்லை என்பது உண்மை. ஆனால் ரயில் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லையே! கிளிநொச்சியைத் தாண்டியதும் தெரியும், பளையைத் தாண்டியதும் தெரியும். பளையிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர இன்னும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஸ்ரேசனில் இருப்பவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. பஸ் நிலையத்து ரைம்கீப்பருக்கு ஒரு போன் அடித்து, ரயில் இருபது நிமிசம் பிந்துது, பஸ்ஸை மறியுங்கோ என்று சொல்ல எந்த நாட்டுத் தொழில்நுட்பம் வேண்டும்?

ஆட்கள் ஏறமாட்டார்கள், நட்டம் வரும் என்று இன்னொரு கதை சொல்வார்கள். பஸ்ஸே விடாமல் ஆள் ஏறாது என்று எப்படித் தெரியும்? கொழும்பு கோட்டையில் இறங்கினால் புறக்கோட்டை பஸ் நிலையங்கள் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன, விடிய விடிய பஸ் கிடைக்கும். சென்னையில் மெட்ரோ ஸ்ரேசன்களிலிருந்து உள் தெருக்களுக்குச் சின்ன பஸ் விடுகிறார்கள். எங்களிடமும் உதாரணம் இருக்கிறது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் வேலைக்குப் போகிற ஆட்களுக்காக 'யாழ் ராணி' ரயிலை விட்டார்கள். சனம் ஏறியது. காங்கேசன்துறை பக்கம் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று ஊருக்கு ஊர் ஸ்ரேசன் இருக்கிறது. கண்டி வீதிப் பக்கம் நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை இருக்கிறது. இவ்வளவு ஸ்ரேசன் இருக்கிற குடாநாட்டில் ரயிலும் பஸ்ஸும் கைகோத்து ஓடினால் பாதிப்பேர் மோட்டார் சைக்கிளைத் தொடவே தேவையில்லை. ஆனால் பல ரயில் சின்ன ஸ்ரேசன்களில் நிற்பதில்லை, நின்றாலும் ஸ்ரேசனிலிருந்து பெரிய வீதிக்குப் போகிற ஒழுங்கையில் லைற் இல்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வளாகம் இருக்கிற எங்கள் திருநெல்வேலிக்குப் போகக் கோண்டாவிலில் இறங்கினால் பையைச் சுமந்துகொண்டு நடக்கத்தான் வேண்டும்.

கேட்பது அதிகமில்லை. இரவு மெயிலுக்கும் பகல் ரயிலுக்கும் ஸ்ரேசன் வாசலில் பருத்தித்துறைக்கு ஒன்று, காரைநகருக்கு ஒன்று, குறிகட்டுவானுக்கு ஒன்று. ரயில் வந்து பதினைந்து நிமிசம் கழித்து வெளிக்கிட்டால் போதும். மத்திய பஸ் நிலையத்துக்குப் போய்வர ஒரு மினிபஸ், குறைந்தபட்ச ரிக்கெற் காசுக்கு. ஸ்ரேசன் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பஸ் நேர அட்டவணை. ஓட்டோவுக்கு இன்ன இடத்துக்கு இவ்வளவு காசு என்று ஒரு பலகை. சிவப்பு பஸ் தரமுடியாவிட்டால் தனியாருக்கு அனுமதி கொடுங்கள், எந்த நிறத்தில் வந்தாலும் சனத்துக்குப் பிரச்சினை இல்லை.

மாவட்ட ஒருங்கிணைப்புக்குழுக் கூட்டத்துக்குப் போகிற எம்பிமாருக்கும் அதிகாரிகளுக்கும் சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் ஆராய்வோம், குழு போடுவோம் என்ற பதிலோடு எழும்பி வராதீர்கள். ரயில்காரரையும் பஸ்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, இரவு மெயில் வந்து இறங்குகிற ஆளுக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த வாசலில் என்று கேளுங்கள். பஸ் இலக்கமும் நேரமும் எழுத்தில் வாங்காமல் அந்தக் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.