வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்

பெண்களைப் பற்றி ஆய்வு செய்ய எங்கள் பக்கம் வரும் மாணவர்களின் கேள்வித்தாளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. முதல் பகுதி தலைமைப் பண்பு. இரண்டாவது, வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான சமநிலை. மூன்றாவது, குடும்ப வன்முறை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ஐந்து கட்டங்கள். எங்கள் தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுப் பக்கம் நாள் முழுக்கத் தக்காளி பறித்துவிட்டு வந்தவளிடம் ‘பணிச்சூழல் உங்கள் குடும்ப வாழ்வைப் பாதிக்கிறதா’ என்று கேட்டு டிக் போடச் சொல்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் பகுதியையும் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் வைத்தே கேட்கிறார்களே! பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருக்கும்போது, கணவர் அடிப்பாரா என்று கேட்டால் எவள் ஆமாம் என்பாள்?

தேசியக் குடும்பநல ஆய்வில் இதற்கு விதியே உண்டு. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் தனியாக. தனிமை கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்டுத்தான், 2019-21 சுற்றில் தமிழ்நாட்டின் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். நாட்டின் சராசரி 29.3. பெண்கள் படித்த மாநிலம், வேலைக்குப் போகும் மாநிலம் என்று மார்தட்டும் நாம் சராசரிக்கு மேலே இருக்கிறோம். இந்தக் கேள்விகளைக் குறைந்த வீடுகளிலேயே கேட்பதால் மாவட்டவாரியாக எண் வருவதில்லை. தர்மபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ தனிக் கணக்கு கிடையாது. உள்ளூரில் நடக்கும் ஆய்வாவது உருப்படியாக இருக்க வேண்டும் என்று நான் கத்துவது அதனால்தான்.

நான் ஆய்வாளர் இல்லை. பத்திர எழுத்தர் ஒருவரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து பார்க்கும்போது இந்த மூன்று பகுதிகளும் தனித்தனியாகத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தொடங்கியது எங்கள் மண்ணில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தார்கள். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்ளே இருந்தது. அதே 1989-இல்தான் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது. அன்றைக்கு மணமாகியிருந்த மகள்களை மட்டும் விட்டுவிட்டார்கள். 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்தது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டில் குழு ஊருக்கு ஊர் வளர்ந்தது. சட்டம் என்ன ஆனது என்பதை என் மேசைக்கு வந்து பாருங்கள்.

அப்பா இறந்த சில மாதங்களில் வருவார்கள். அண்ணன் முன்னால், தங்கைகள் பின்னால். தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். ‘மேற்படி சொத்தில் எனக்கு எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்ற வரியை நான் தட்டி முடிப்பதற்குள் டீ வந்துவிடும். பங்கு வேண்டாமா அக்கா என்று மெதுவாகக் கேட்டால், “அண்ணன் வீட்டுக்குப் போக வர வழி வேண்டாமா கண்ணு? நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் யார் வருவார்?” என்பார்கள். அந்தக் கணக்கை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். புகுந்த வீட்டில் அடிபட்டால் ஓடிவர ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலுக்கான விலையாகத் தன் பங்கை எழுதிக் கொடுக்கிறாள். ஆனால் ஓடிவந்தால் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லை. அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களில் குழுத் தலைவி உண்டு, வார்டு உறுப்பினர் உண்டு. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலிலிருந்து உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தலைமைப் பண்பில் ஐந்துக்கு ஐந்து வாங்குகிறவள் தங்கியிருக்கும் வீடு மாமனார் பெயரில் இருக்கிறது.

சம்பளம் வந்தால் அடி நின்றுவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓசூருக்குப் பக்கத்திலிருக்கும் பெங்களூரின் ஏழைக் குடியிருப்புகளில், மணமான இளம்பெண்களை விட்டு விட்டுச் சந்தித்து ஓர் ஆய்வு நடந்தது, 2010-இல் வெளியானது. முந்தைய சந்திப்பில் வேலையில்லாமல் இருந்து அடுத்த சந்திப்புக்குள் வேலைக்குப் போகத் தொடங்கியவர்களுக்கு வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு 80 சதவீதம் கூடியிருந்தது. அதனால் வேலைக்குப் போகாதே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். சம்பளம் மட்டும் காப்பாற்றாது என்றுதான் இதற்குப் பொருள். விடியற்காலையில் ஓசூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் பெண்ணுக்குச் சோறு ஆக்கும் வேலையும் குறைவதில்லை. 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88. சமநிலையாம்!

வேறொரு ஆய்வை மட்டும் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005-இல் வெளியிட்டது. நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18 சதவீதம். வீடு மட்டும் உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் 7. வசதியான வீட்டுப் பெண்கள் என்பதால் அடி குறைந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். குடும்ப வசதி, படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகும் சொத்தின் பலன் நின்றது. கேரளத்தில் ஒரு மாவட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். இங்கே கேட்டால் என்ன வரும் என்று பார்த்துவிட வேண்டியதுதானே?

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சொத்து யார் பெயரில் இருந்தாலும் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையை மனைவிக்கு அது தருகிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் மனு எழுதிக்கொண்டு அலைகிறவளின் நிலை வேறு, கதவின் சாவியை இடுப்பில் வைத்திருப்பவளின் நிலை வேறு.

ஆகவே ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகளே, அந்த ஐந்து கட்டங்களில் பாதியை அடித்துவிடுங்கள். வீடு யார் பெயரில்? பட்டாவில் உங்கள் பெயர் இருக்கிறதா? அப்பா சொத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்களா? இதைக் குழுக் கூட்டத்திலும் கேட்கலாம், யாரும் கூச்சப்படமாட்டார்கள். அடியைப் பற்றிய கேள்வியைத் தனியாகக் கேளுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு தொழில் செய்தி. 2025 ஏப்ரல் 1 முதல், பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அதற்காகவே மனைவியை அழைத்துக்கொண்டு வருகிற ஆண்களைப் பார்க்கிறேன். “எல்லாம் பேருக்குத்தான்” என்று என்னிடம் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே அந்த அம்மாவின் பெயரை, இனிஷியல் சரியாக இருக்கிறதா, ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துத் தட்டுகிறேன்.