ஒப்புதல் படிவத்தைப் படித்தபின் கையெழுத்திடுங்கள்

மருந்து ஆய்வு என்றாலே ‘சோதனை எலியாக்கிவிடுவார்கள்’ என்று பதறுகிறவர்களும், ‘இலவசமாக நல்ல மருந்து கிடைக்கும்’ என்று ஓடுகிறவர்களும் செய்யும் தவறு ஒன்றுதான்: இரு சாராருமே ஒப்புதல் படிவத்தைப் படிப்பதில்லை. தேவகோட்டையில் ஆசிரியையாக இருக்கும் என் சின்னம்மா மகளை, அக்குள் வியர்வைக்கான புதிய பூச்சு மருந்தின் ஆய்வில் சேரும்படி மதுரையில் ஒரு மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

“சித்திரை வெயிலில் யாருக்குத்தான்டி வியர்க்காது?” என்பது எங்கள் அப்பத்தாவின் தீர்ப்பு. ஆனால் இது வெயிலால் வருவதன்று. வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் தேவைக்கு மேல் தூண்டுவதால், குளிரூட்டிய அறையிலும் இரு அக்குள்களும் ஒருசேர நனையும். தூங்கும்போது பெரும்பாலும் நின்றுவிடும். (தூக்கத்திலும் உடல் நனைந்தால் தைராய்டு, காசநோய் போன்றவற்றை முதலில் பார்க்க வேண்டும்.) கரும்பலகையில் கையுயர்த்தி எழுதத் தயங்கும் அவளுடைய ரவிக்கைகளில், ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாய் ஓர் உப்புக் கோடும், அதைத் தாண்டி அடுத்த ஈரத்தின் கோடும் படிந்திருக்கும். மாம்பழ நிறக் கண்டாங்கிக்கும் கறுப்பு ரவிக்கைதான் போடுகிறாள்.

மருந்துகள் இல்லாமல் இல்லை. இரவில் உலர்ந்த தோலில் பூசும் அலுமினியம் குளோரைடு பலருக்கு எரிச்சலைத் தருகிறது. கடுமையான அக்குள் வியர்வைக்கு அமெரிக்கா 2004இல் அனுமதித்த போட்டாக்ஸ் ஊசியின் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடும், செலவும் அதிகம். சோஃபிபிரோனியம் என்ற களிம்புக்கு 2020இல் ஜப்பானும் 2024இல் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. முகம் தெரியாத யாரோ ஆய்வுக்கு உடன்பட்டதால்தான் இவையெல்லாம் வந்தன என்பதால், ஆய்வில் சேர்வதை இழிவாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

அதே சமயம், ஆய்வு என்பது சிகிச்சை அன்று. எந்தக் குழுவில் விழுவோம் என்பதைக் குலுக்கல் போன்ற முறையே தீர்மானிக்கிறது. மருந்தே கலக்காத வெறும் களிம்பு உங்களுக்குக் கிடைக்கலாம், அது உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இப்போது பயன்படுத்தும் மருந்தைச் சில வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அக்குளைத் துடைத்து, முன்பே எடை பார்த்த வடிதாளை ஐந்து நிமிடம் வைத்து, மீண்டும் நுண்தராசில் நிறுப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் 50 மில்லிகிராமாவது சுரந்தால்தான் பல ஆய்வுகளில் இடம் உண்டு.

இவ்வகைப் பூச்சுகளில் பல, நரம்பிலிருந்து சுரப்பிக்குச் செல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிச் செய்தியைத் தடுப்பவை. அதனால் வாய் உலரலாம், சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம். பூசிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கலாம். நம் ஊருக்கு இன்னொன்று முக்கியம்: மருந்து உடலுக்குள் சென்று பொதுவாகவே வியர்வையைக் குறைத்தால், அக்கினி நட்சத்திரத்தில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் திணறும்.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் நம் பக்கம் இருக்கின்றன. படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் கட்டாயம். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

இவ்வளவு இருந்தும், அந்த மதுரை மருத்துவமனையின் உதவியாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினாராம். அவள் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்தாள். கிரயப் பத்திரத்தின் நான்கு எல்லைகளையும் வரி வரியாகப் பார்க்கும் என் சித்தப்பா, இதையும் அப்படியே பட்டாலையில் உட்கார்ந்து படித்தார். மருந்து பலித்தால் ஆய்வு முடிந்தபின் தொடர்ந்து தருவார்களா, இரவில் உடம்புக்கு ஏதாவது என்றால் யாரை அழைப்பது, கோடையில் தொடங்காமல் தள்ளிப்போட முடியுமா என்ற மூன்றுக்கும் அதில் பதில் இல்லை. அவற்றை எழுதியே கேட்டிருக்கிறாள். எழுத்தில் பதில் வந்தால் சேர்வதாக இருக்கிறாள், நானும் அதைத்தான் சொன்னேன்.