லேப்டாப் ஸ்கிரீன் வழக்குக்கு பெங்களூர் போக வேண்டாம்
"வாரண்டிக்குள் லேப்டாப் ஸ்கிரீன் எப்படி உடைந்தாலும் இலவசம், தராவிட்டால் பெங்களூரில்தான் கேஸ் போடணும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ரெண்டுமே தப்பு. கீழே விழுந்து உடைந்தது சாதாரண வாரண்டியில் வராது; அதற்கென்று தனிப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஆனால் அடிபட்ட தடமே இல்லாமல், மூடித் திறக்கும் கீல் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால், கீல் இறுகியதாலும் இருக்கலாம். அதை வாரண்டியில் கேட்காமல் விடாதீர்கள். விரிசல் இல்லாமல் ஸ்கிரீனில் வெறும் கோடு மட்டும் விழுகிறதா? சர்வீஸ் சென்டர் கவுன்டரிலேயே வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஜாப் ஷீட்டில் (பழுது பார்க்க வாங்கும்போது அவர்கள் எழுதித் தரும் சீட்டு) 'விரிசல் இல்லை' என்று எழுத வையுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.

அப்புறம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, மதுரை என்றால் மதுரையிலேயே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். லேப்டாப் விலை 5 லட்சத்தைத் தாண்டாதவரை கட்டணமும் கிடையாது. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.