அந்தப் பறவைகள் நிலநடுக்கத்துக்குப் பயந்து ஓடவில்லை

"அமெரிக்காவில் பெரிய நிலநடுக்கம் வரப்போகுது, பறவைகளுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சு" என்று ஆயிரக்கணக்கான வெள்ளைப் பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பும் வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சொல்வது தவறு.

வீடியோவில் தெரிவது நியூ மெக்சிகோவின் பாலைவனப் பகுதியில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டி 1939இல் அமைக்கப்பட்ட போஸ்க் டெல் அபாச்சே வனவிலங்கு சரணாலயம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஸ்னோ கூஸ் வாத்துகள், கயோட்டி மாதிரி வேட்டையாடும் விலங்குகளிடமிருந்து தப்பிக்க, ராத்திரி முழுக்க ஆழமில்லாத குளத்துத் தண்ணீரிலேயே தங்கும், விடிந்ததும் மேய்ச்சலுக்காகக் கூட்டமாகக் கிளம்பும். சில நாள் கழுகு ஒன்று மேலே வட்டமடித்தாலே போதும், குளமே எழும்பின மாதிரி இருக்கும். இதைப் படமெடுக்கத்தான் புகைப்படக்காரர்கள் இருட்டோடு வந்து, கைவிரல் விறைக்க கேமராவோடு கரையில் காத்து நிற்கிறார்கள்!

வீடியோவை நிறுத்திப் பாருங்கள்: வெள்ளை உடம்பு, இறக்கை நுனி மட்டும் கறுப்பு. ஓரத்தில் சாம்பல் நிறத்தில், தலையில் சிவப்போடு நிற்பவை சாண்ட்ஹில் கொக்குகள். அவை அவசரப்படாமல் நாலடி ஓடி, சின்னச் சின்னக் கூட்டமாகத்தான் பறக்கும். ஊரே அழியப்போகிறது என்றால் இவ்வளவு நிதானம் எதற்கு?

அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் இந்தச் சரணாலயத்துக்கென்றே பக்கம் இருக்கிறது. பெரிய நிலநடுக்கத்தை இதுவரை எந்த விஞ்ஞானியும் முன்கூட்டிக் கணித்ததில்லை என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சரி, வீடியோ அழகுதான், வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசகத்தோடு மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.